செட் வேற, ட்ரிப்ஸ் வேற: அந்த ஜோடி யார்கிட்ட இருக்குன்றதுதான் கணக்கு

உங்க கேள்விய முதல்ல சுருக்கி வச்சுக்கறேன். ஹோல்டெம் போக்கர்ல (ஆளுக்கு கைல ரெண்டு கார்டு, நடுவுல போர்டுல அஞ்சு பொது கார்டு) கைல 8-8 வச்சு போர்டுல ஒரு 8 வந்தா உங்களுக்கு காசு வருது, ஆனா போர்டுல 9-9 விழுந்து உங்க கைல ஒரு 9 இருந்தா பாதி நேரம் எல்லாரும் ஃபோல்ட் பண்ணிடறாங்க (கார்ட போட்டுட்டு விலகிடறாங்க), மீதி நேரம் கால் பண்றவன்கிட்ட (அதே தொகைய கட்டி தொடர்றவன்கிட்ட) நீங்க தோத்துடறீங்க, ரெண்டுமே மூணு ஒரே கார்டுதானே, இது ராசியா இல்ல ஆட்டத்துல தப்பான்னு கேட்டிருக்கீங்க. கூடவே ஒரு கையும் எழுதியிருக்கீங்க: எல்லார்கிட்டயும் 100 பிக் பிளைண்ட் (கார்டு பாக்கறதுக்கு முன்னாடி கட்டாயமா போடற தொகை, மத்த தொகை எல்லாம் இதோட மடங்கு), முன்னாடி உக்காந்தவர் 3-க்கு ரெய்ஸ் (தொகைய ஏத்தறது), நீங்க பட்டன்ல (கடைசியா ஆடற இடம்) டைமன் 9-7 வச்சு கால், மத்தவங்க ஃபோல்ட். ஃப்ளாப் (முதல் மூணு பொது கார்டு) ஸ்பேட் 9, கிளாவர் 9, ஆர்ட்டின் 4. அவர் 2.5 போட்டார், நீங்க 8 ஆக்குனீங்க, கால். டர்ன் (நாலாவது பொது கார்டு) டைமன் குயின், அவர் செக் (பெட் போடாம விடறது), நீங்க 16, கால். ரிவர் (அஞ்சாவது, கடைசி பொது கார்டு) கிளாவர் 2, அவர் செக், நீங்க மிச்சம் இருந்த 73-ஐயும் தள்ளுனீங்க, அவர் கால் பண்ணி ஆர்ட்டின் ஏஸ்-9 காட்டினார். கடைசியா, செட் வந்தா ஸ்லோ ப்ளே (பெரிய கைய ஒளிச்சு வச்சு பலவீனமா காட்டறது) பண்ணலாமான்னு ஒரு கேள்வி.

ராசி இல்லைங்க. கை தரவரிசைல ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான், த்ரீ ஆஃப் எ கைண்ட், ஆனா அந்த மூணுல ரெண்டு கார்டு எங்க இருக்குன்றதுல ஆட்டமே மாறிடுது. கைல ஜோடி, போர்டுல ஒண்ணு, இது செட். போர்டுல ஜோடி, கைல ஒண்ணு, இது ட்ரிப்ஸ். ரம்மி ஆடி வந்தவங்களுக்கு செட்னா வேற ஒண்ணு ஞாபகம் வரும், அத இங்க மறந்துடுங்க. செட்ல அந்த ஜோடி உங்க சொத்து, யார் கண்ணுக்கும் தெரியாது. ட்ரிப்ஸ்ல அந்த ஜோடி பொதுச் சொத்து, மேசைல இருக்கற எல்லாரும் அதைத்தான் முதல்ல பாப்பாங்க, எல்லாரும் அத வச்சு கை கட்டுவாங்க. நீங்க போட்டது ஒரே ஒரு கார்டு. நான் கீழ எழுதப் போறது எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்துல இருந்து வர்றதுதான்.

எவ்வளவு அடிக்கடி வரும்னு பாத்துடுவோம். கைல ஜோடி இருந்தா ஃப்ளாப்ல செட்டோ அதுக்கு மேலயோ வர்றதுக்கு வாய்ப்பு 11.8 சதவீதம், அதாவது எட்டரை தடவைக்கு ஒரு தடவை. ஜோடி இல்லாத ரெண்டு கார்டு வச்சு ஃப்ளாப்ல ட்ரிப்ஸ் அடிக்கறது 1.35 சதவீதம்தான். அதனாலதான் செட்ட நம்பி ப்ரீஃப்ளாப்ல (ஃப்ளாப்புக்கு முன்னாடி) கால் பண்ணலாம், ட்ரிப்ஸ நம்பி யாரும் கால் பண்றதில்ல, அது தானா வந்து மாட்டுது. தானா வந்து மாட்டறதாலயே அத எப்படி ஆடணும்னு பெரும்பாலானவங்க முன்கூட்டி யோசிச்சு வச்சிருக்கறதில்ல.

முதல்ல செட் ஏன் சம்பாதிக்குதுன்னு பாப்போம். உங்க கைல 8-8, ஃப்ளாப் கிங்-8-3. எதிராளி என்ன பாக்கறாரு? ஒரு கிங், ரெண்டு சின்ன கார்டு, பயப்பட ஒண்ணுமில்ல. அவர்கிட்ட ஏஸ்-கிங் இருந்தா அவருக்கு இதுதான் உலகத்துலயே நல்ல ஃப்ளாப். மிச்சம் 3 கிங் இருக்கு, அதனால ஏஸ்-கிங் 12 காம்போ (கார்டு சேர்க்கை), கிங்-குயின் இன்னொரு 12. எந்த ரெண்டு கார்டும் வச்சிருக்கலாம்னு எடுத்துக்கிட்டாக்கூட எதிராளிகிட்ட ஒரு கிங்காவது இருக்க 12.5 சதவீதம் வாய்ப்பு, நிஜத்துல ரெய்ஸ் பண்ணி வந்தவர்கிட்ட இதுக்கும் மேல. அவ்வளவு பேரும் உங்களுக்கு காசு கட்டற கஸ்டமர்.

இப்ப ட்ரிப்ஸ் பக்கம் வாங்க. 9-9-4 போர்டு, உங்க கைல ஒரு 9. மிச்சம் ஒரே ஒரு 9. எதிராளிகிட்ட அது இருக்கறதுக்கு, எந்த ரெண்டு கார்டும் வச்சிருக்கலாம்னு எடுத்தா, 4.3 சதவீதம்தான். சரி, 9 இல்லாம வேற என்ன வச்சு கட்டுவாரு? பெரிய பாக்கெட் ஜோடி (கைலயே வந்த ஜோடி) வச்சு கட்டுவாரு, 10-10, ஜாக்-ஜாக், கிங்-கிங், ஏஸ்-ஏஸ். ஏஸ்-கிங் வச்சு ஒரு சின்ன பெட் கால் பண்ணலாம். அதுக்கு மேல யாரும் இல்ல. பாக்கெட் ஜோடி வச்சிருக்கறவருக்கும் கண்ணு தெரியும், பாட் (நடுவுல சேர்ற காசு) பெருசாக பெருசாக "இவன்கிட்ட 9 இருக்கு"ன்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். பாட் சின்னதா இருக்கும்போது உங்களுக்கு கஸ்டமர் நிறைய, பாட் பெருசானதும் மிஞ்சறவங்க உங்கள விட பெரிய கை வச்சிருக்கறவங்க மட்டும். நீங்க "பாதி நேரம் ஃபோல்ட், மீதி நேரம் தோல்வி"ன்னு எழுதினது இதேதான்.

இத உங்க கைலயே எண்ணிப் பாப்போம், எண்ணிப் பாத்தாதான் நம்பிக்கை வரும். ரிவர்ல போர்டு 9-9-4-குயின்-2, ஃப்ளஷ் (ஒரே சூட்ல அஞ்சு கார்டு) இல்ல, ஸ்ட்ரெய்ட் (வரிசையா அஞ்சு கார்டு) இல்ல. ஃப்ளாப்ல உங்க ரெய்ஸயும் டர்ன்ல 16-ஐயும் கால் பண்ணி ஒருத்தர் ரிவருக்கு வந்திருக்காருன்னா அவர்கிட்ட என்ன இருக்கும்? உங்கள ஜெயிக்கறது: 4-4 மூணு காம்போ, குயின்-குயின் மூணு காம்போ, அப்புறம் கடைசி 9 ஆர்ட்டின், அதுகூட அதே ஆர்ட்டின் ஏஸ், கிங், குயின், ஜாக், 10 சேர்ந்தா அஞ்சு காம்போ. மொத்தம் 11. சில பேர் ஏஸ்-9 சூட் சேராமலே ரெய்ஸ் பண்ணுவாங்க, அப்ப இன்னும் கூடும். உங்ககிட்ட தோக்கறது: ஏஸ்-ஏஸ் 6, கிங்-கிங் 6, ஜாக்-ஜாக் 6, 10-10 6, ஆக 24.

24-க்கு 11, பாக்க அழகா இருக்கு இல்லையா. ஆனா பெட் சைஸ் என்னன்னு பாருங்க. பாட் 55.5, நீங்க தள்ளினது 73, பாட்ட விட பெருசு. அந்த பெட்டுக்கு 10-10 கால் பண்ணாது. ஜாக்-ஜாக் பண்ணாது. கிங்-கிங் வச்சிருக்கறவரு ரொம்ப நேரம் யோசிச்சு பெரும்பாலும் கார்ட தூக்கிப் போட்டுடுவாரு. ஏஸ்-ஏஸ் மட்டும் விடாம கால் பண்ணுதுன்னே வச்சுக்கங்க, அது 6 காம்போ. ஜெயிக்கற 11 காம்போவும் கால் பண்ணும். 6-க்கு 11, நீங்க நஷ்டத்துக்கு பெட் போட்டிருக்கீங்க, அந்தத் தடவை அவர் ஜாக்-ஜாக் காட்டியிருந்தாக்கூட அது நஷ்ட பெட்தான். அதே இடத்துல 20 போட்டிருந்தா? அந்த 24 காம்போல பெரும்பகுதி கால் பண்ணியிருக்கும், 55-க்கு 20-ன்னா ஜாக்-ஜாக்கால கைய விட முடியாது. அதே கை, அதே கார்டு, சைஸ் மட்டும் மாறினா லாபம். 9-7-ல பெட் போட்டது தப்பில்ல, எவ்வளவு போட்டீங்கன்றதுதான் தப்பு.

கிக்கர் (மூணு ஒரே கார்டோட சேர்ற மிச்ச கார்டு) பத்தி ஒரு விஷயம், இத நிறைய பேர் அரைகுறையா வச்சிருக்காங்க. ட்ரிப்ஸ்ல அஞ்சு கார்டு கைல மூணு 9 போக ரெண்டு கிக்கர் வரும், செட்லயும் ரெண்டு கிக்கர்தான், ஆனா செட்ல கிக்கர் கணக்குக்கே வராது, ஏன்னா ரெண்டு பேர்கிட்ட ஒரே செட் இருக்க முடியாது. ட்ரிப்ஸ்ல இருக்கலாம், இருந்தா கிக்கர்தான் முடிவு. உங்க கைல டர்ன் வந்த நேரத்த எடுத்துக்கங்க, அவர் ஏஸ்-9, நீங்க 9-7, தெரியாத கார்டு 44. நீங்க முழுசா ஜெயிக்க 7 வரணும், அது மூணு கார்டு. 4-ஓ குயினோ வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே ஃபுல் ஹவுஸ் (மூணு ஒரே கார்டும் ஒரு ஜோடியும்), பாட் பாதி பாதி, அது ஆறு கார்டு. மீதி 35 கார்டுக்கும் தோல்வி. அதே நேரம் அவர்கிட்ட 10-9 இருந்து ரிவர்ல கிங் வந்திருந்தா ரெண்டு பேருக்கும் 9-9-9-கிங்-குயின், 10-உம் 7-உம் வெளிய போயிடும், பாட்ட பங்கு போட்டுக்கணும். அதனால போர்டுல பெரிய கார்டு ஏற ஏற சின்ன கிக்கரோட குறை மறையும், ஆனா ஏஸ் கிக்கர் வச்சிருக்கறவன் எப்பவும் மேலதான் நிப்பான். 9-7 மாதிரி கைய பெருசா ஆடக் கூடாதுன்னு சொல்றதுக்கு இதுவே போதும்.

ஒரு செட்டும் ஒரு ட்ரிப்ஸும் நேருக்கு நேர் மோதறது எப்படி இருக்கும்னு ஒரு கை சொல்றேன், நான் மறக்காத கை. நேர்ல உக்காந்து ஆடற மேசை, என் கைல 8-8, ஃப்ளாப் கிங்-8-3, மூணும் வேற வேற சூட். நான் பெட், எதிர்ல இருந்தவர் நிதானமா கால். டர்ன்ல இன்னொரு கிங். அது விழுந்த நொடில அவர் கார்ட பாக்கல, தன்னோட சிப்ஸ பாத்தாரு, அடுக்கு மேல விரல வச்சாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு ஏஸ்-கிங்கோ கிங்-குயினோன்னு. அவருக்கு ட்ரிப்ஸ் ஆயிடுச்சு, எனக்கு ஃபுல் ஹவுஸ் ஆயிடுச்சு, ரெண்டும் ஒரே கார்டால. அவர் ரெய்ஸ் பண்ணாரு, நான் கால் மட்டும் பண்ணேன், ரிவர்ல அவரே எல்லாத்தையும் போட்டாரு. ஏஸ்-கிங். அவர் தப்பா ஆடலைங்க, அந்த இடத்துல ஏஸ்-கிங் வச்சு நானும் காசு கட்டியிருப்பேன். போர்டுல ஜோடி விழறது ட்ரிப்ஸ்காரனுக்கு சந்தோஷம், செட்காரனுக்கு அத விட சந்தோஷம், இந்த ரெண்டு சந்தோஷமும் ஒரே நேரத்துல வர்றதாலதான் பாட் பெருசாகுது.

ஃப்ளாப்ல செட் இருந்தா ரிவருக்குள்ள ஃபுல் ஹவுஸோ குவாட்ஸோ (நாலு ஒரே கார்டு) ஆக 33.4 சதவீதம், மூணுக்கு ஒண்ணு. டர்ன்ல 7 கார்டு உதவும், டர்ன் சும்மா போனா அந்த டர்ன் கார்டும் ஜோடி ஆகலாம்ன்றதால ரிவர்ல 10 கார்டு. ஃப்ளாப்ல ட்ரிப்ஸ் வச்சிருந்தாலும் இதே 7, இதே 10, இதே மூணுக்கு ஒண்ணு. ஆனா எதிராளிகிட்டயும் ட்ரிப்ஸ் இருந்தா அந்த உதவி கார்டுல பாதிக்கு மேல ரெண்டு பேருக்கும் பொது, மேல உங்க கைல பாத்தோமே, அந்த மாதிரி. எதிராளிக்கு ஃப்ளஷ் ட்ரா (ஃப்ளஷுக்கு ஒரு கார்டு மட்டும் பாக்கி) இருக்குன்னு தெரிஞ்சும் செட்ட வச்சு தைரியமா பாட்ட வளக்கறதுக்கு இந்த மூணுக்கு ஒண்ணுதான் காரணம், ஃப்ளஷ் அடிச்சாலும் உங்களுக்கு திருப்பி அடிக்க கார்டு இருக்கு. இதுக்கு மறுபக்கம், போர்டுல ஏற்கனவே ஜோடி இருக்கும்போது நீங்க ஃப்ளஷ் ட்ரா வச்சு பெரிய பெட்ட கால் பண்ணாதீங்க, அடிச்சும் தோக்கற ஆபத்து உங்களுது.

ஃபுல் ஹவுஸ்ல எது பெருசுன்றதுல ஒரு குழப்பம் இருக்கு. மூணு கார்டுதான் முதல்ல பாக்கணும், ஜோடி அப்புறம். கிங்-8-3-கிங் போர்டுல என்னோட 8-8-8-கிங்-கிங்க விட, கிங்-3 வச்சு வந்தவனோட கிங்-கிங்-கிங்-3-3 பெருசு. கிங்-3 யாரும் பெருசா ஆட மாட்டாங்கன்றதால நான் கவலைப்படல, ஆனா பிக் பிளைண்ட்ல இலவசமா ஃப்ளாப் பாத்தவன்கிட்ட அதுவும் இருக்கும்.

இதோட இன்னொரு வடிவம், 9-9-4 போர்டுல 4-4 வச்சிருக்கறது. ஃப்ளாப்லயே ஃபுல் ஹவுஸ், மனசு குளிரும். ஆனா எதிராளிகிட்ட ஏஸ்-9 இருந்தா அவருக்கு ரிவருக்குள்ள உங்கள தாண்ட சுமார் 23 சதவீதம் வாய்ப்பு இருக்கு. 9 வந்தா குவாட்ஸ், ஏஸ் வந்தா பெரிய ஃபுல் ஹவுஸ், டர்ன்ல என்ன விழுந்தாலும் அது ரிவர்ல ஜோடி ஆனா அதுவும் பெரிய ஃபுல் ஹவுஸ், 4 மட்டும்தான் விதிவிலக்கு. அதனால இந்தக் கைய ஒளிச்சு வச்சு விளையாடறது எனக்கு பிடிக்காது. 9 வச்சிருக்கறவன் ஃப்ளாப்லயே காசு கட்டத் தயாரா இருக்கான், அப்பவே வாங்கிடணும்.

ரெண்டு ஜோடி வச்சிருக்கறவங்களுக்கு போர்டு ஜோடி ஆகறது எப்படி இடியா இறங்கும்ன்றதுக்கு வரலாறுலயே உதாரணம் இருக்கு. உலக போக்கர் தொடரோட மெயின் ஈவெண்ட்ட டாய்ல் பிரன்சன் 1976, 1977 ரெண்டு வருஷமும் ஜெயிச்சாரு, ரெண்டு தடவையும் கடைசி கைல அவர்கிட்ட இருந்தது 10-2, ரெண்டு தடவையும் ரிவர்ல 10 விழுந்து ஃபுல் ஹவுஸ். 1976-ல எதிர்ல ஜெஸ்ஸி ஆல்டோகிட்ட ஏஸ்-ஜாக், போர்டு ஏஸ்-ஜாக்-10-2, அதாவது மேல ரெண்டு ஜோடியும் அவருது, ரிவர் வரைக்கும் அவர்தான் முன்னாடி. 1977-ல கேரி பெர்லண்ட்கிட்ட 8-5, போர்டு 10-8-5-2. அந்த 10-2-க்கு இன்னைக்கும் பிரன்சன் பேரத்தான் சொல்றாங்க. அதுக்காக 10-2 ஆடிடாதீங்க. பாக்க வேண்டியது பெர்லண்டோட கை: ரிவர்ல 10 ஜோடி ஆனதும் அவரோட 5-5 செத்துப்போச்சு, அவர் கை 10-10-8-8 ஆயிடுச்சு. நீங்க கட்டின ஜோடிய போர்டு ஜோடி வந்து வெளிய தள்ளிடும். ரெண்டு ஜோடிய, அதுவும் கீழ் ரெண்டு ஜோடிய வச்சுக்கிட்டு இலவசமா கார்டு காட்டக் கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

இப்ப வேற பக்கம். நம்மகிட்ட ட்ரிப்ஸும் இல்ல, செட்டும் இல்ல, போர்டுல மட்டும் ஜோடி. உண்மையச் சொன்னா நீண்ட நாள் கணக்குல உங்க காச முடிவு பண்றது இந்த இடம்தான், ஏன்னா ட்ரிப்ஸ் எப்பவாவது வரும், ஜோடி போர்டு ஆறு ஃப்ளாப்புக்கு ஒண்ணு வரும், சரியா சொன்னா 17 சதவீதம். (மூணும் ஒரே கார்டா வர்றது 425-க்கு ஒண்ணு, அத இங்க விட்டுடலாம்.)

ஜோடி போர்டோட முதல் குணம், அது யாருக்கும் உதவாது. கிங்-8-3 மாதிரி சாதா போர்டுல ஒருத்தனுக்கு உதவற கார்டு 9 இருக்கு, எந்த ரெண்டு கார்டும் இருக்கலாம்னா 35 சதவீதம் ஏதோ ஒண்ணு பட்டிருக்கும். 7-7-2 போர்டுல உதவற கார்டு வெறும் 5, அதனால 20 சதவீதம்தான் படும். கைல ஜோடியோட வந்தவன இதுல சேர்க்கல, ஆனா வித்தியாசம் புரியுது இல்ல. அதனால ப்ரீஃப்ளாப்ல ரெய்ஸ் பண்ணவர் இங்க பாட்டுல மூணுல ஒரு பங்கு சின்னதா பெட் போட்டாலே போதும். 6 இருக்கற பாட்டுக்கு 2 போடறோம், எதிராளி நாலுக்கு ஒரு தடவை ஃபோல்ட் பண்ணாலே போட்ட காசு வந்துடுது. அவருக்கு பெரும்பாலான நேரம் ஒண்ணும் பட்டிருக்காது, அதனால அந்த நாலுல ஒண்ண விட ரொம்ப அதிகமா ஃபோல்ட் பண்ணுவாரு. இங்க பெருசா போடறவங்கள பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும், ஒரே வேலைய செய்ய ரெண்டு மடங்கு காசு கட்டறாங்க.

ஆனா எல்லா ஜோடி போர்டும் ஒண்ணு கிடையாது. கிங்-கிங்-4 வந்தா ரெய்ஸ் பண்ணவர்கிட்டதான் கிங் அதிகம், ஏஸ்-கிங்க பெரும்பாலும் மறுபடி ரெய்ஸ் பண்ணிடுவாங்கன்றதால வெறுமனே கால் பண்ணவர்கிட்ட அது குறைவு. போர்டுல ரெண்டு கிங் போயிட்டதால ஏஸ்-கிங்கே 8 காம்போதான், ஆனா அந்த 8 யாருதுன்றதுதான் கேள்வி. இங்க ரெய்ஸ் பண்ணவர் கண்ண மூடிட்டு சின்ன பெட் போடலாம். 7-7-6 வந்தா கதையே வேற. 8-7, 7-6, 9-7 எல்லாம் பிக் பிளைண்ட்ல இருந்து கால் பண்ணவரோட கார்டு, ரெய்ஸ் பண்ணவர்கிட்ட ஓவர்பேர் (போர்டு கார்டுகள விட பெரிய பாக்கெட் ஜோடி) இருக்கும், ட்ரிப்ஸ் ரொம்ப குறைவு, இது போதாதுன்னு ஸ்ட்ரெய்ட் ட்ரா வேற நிறைய. இங்க ஏஸ்-கிங் வச்சு நான் பெரும்பாலும் செக் பண்ணிடுவேன், 10-10 வச்சு பெட் போடுவேன் ஆனா செக்-ரெய்ஸ் (முதல்ல செக் பண்ணிட்டு அப்புறம் ரெய்ஸ்) வந்தா பாட்ட பெருசாக்க மாட்டேன். 3-3-குயின் மாதிரி ஜோடி சின்னதா, பக்கத்துல ஒரு பெரிய கார்டுன்னா அத நான் கிட்டத்தட்ட குயின் போர்டு மாதிரியே ஆடுவேன், 3 வச்சிருக்கறவங்க அவ்வளவு பேர் கிடையாது. 9-9-4-ல உங்ககிட்ட 9 இல்லன்னா எதிராளிகிட்ட இருக்க 8.4 சதவீதம், சும்மா ரெய்ஸ் பண்ணி மிரட்டறவன் அத விட அதிகம், அதனால ஃப்ளாப்ல வர்ற ஒரு ரெய்ஸுக்கு பயந்து ஜாக்-ஜாக்க தூக்கிப் போடாதீங்க. ஃப்ளாப் ரெய்ஸ், டர்ன் பெரிய பெட், ரிவர் ஆல்-இன்னு (மிச்ச காசு மொத்தமும்) மூணும் சேர்ந்து வந்தா தாராளமா தூக்கிப் போடுங்க. மூணு ரவுண்டும் பொய்யா அடிக்கறவங்க ரொம்ப கம்மி.

செட்ட தேடி கால் பண்றது பத்தி கொஞ்சம். செட் ஏழரை தடவை வராம போனா ஒரு தடவை வரும்ன்றது கணக்கு, அதனால கால் பண்ற காச மாதிரி ஏழரை மடங்கு எதிராளிகிட்ட இருந்தா போதும்னு சில பேர் நினைக்கறாங்க. பத்தாது. செட் வந்த எல்லா தடவையும் அவர் முழு ஸ்டாக்க (தன்கிட்ட இருக்கற மொத்த சிப்ஸ) கட்ட மாட்டாரு, பல தடவை ஃப்ளாப்லயே போயிடுவாரு, சில தடவை அவரே ஜெயிச்சுடுவாரு. நான் குறைஞ்சது 15 மடங்கு பாப்பேன், எதிராளியோட ரேஞ்ச் (அவர்கிட்ட இருக்கக்கூடிய கைகள்) லேசா இருந்தா 20 மடங்கு. ரெண்டு பேர் ஸ்டாக்ல எது சின்னதோ அதத்தான் பாக்கணும், உங்ககிட்ட 200 இருந்து அவர்கிட்ட 30 இருந்தா உங்களுக்கு கிடைக்கப் போறது 30தான். செட்டுக்கு மேல செட் வந்துடுமோன்னு பயப்படறவங்களுக்கு: ரெண்டு பேர்கிட்டயும் பாக்கெட் ஜோடி இருந்து ரெண்டு பேருக்கும் ஃப்ளாப்ல செட் வர்றது 100-க்கு ஒண்ணுதான். 100 பிக் பிளைண்ட் ஸ்டாக்ல அந்த ஒண்ணுக்காக ஜோடி இல்லாத போர்டுல செட்ட ஃபோல்ட் பண்ண யோசிக்கவே வேண்டாம், வந்தா காசு போகட்டும்.

கடைசி கேள்வி, ஸ்லோ ப்ளே. செட்டுக்கு வேண்டாம், ட்ரிப்ஸுக்கு ஓரளவு பண்ணலாம். பலரும் இத தலைகீழா பண்றாங்க. காரணம் கணக்குலயே இருக்கு. 3-க்கு ரெய்ஸ், பட்டன்ல இருந்து ஒரு கால், பிளைண்ட் ரெண்டும் ஃபோல்ட்னா பாட் 7.5, மிச்ச ஸ்டாக் 97. ஃப்ளாப்ல 7.5, டர்ன்ல 22.5, ரிவர்ல 67-ன்னு மூணு ரவுண்டும் பாட் அளவுக்கு போட்டா சரியா ஸ்டாக் முழுசும் உள்ள போகும். ஃப்ளாப்ப செக் பண்ணிட்டீங்கன்னா டர்ன்லயும் ரிவர்லயும் பாட்டுக்கு ரெண்டு மடங்கு போட்டாதான் அதே இடத்துக்கு வர முடியும், ஒரு ஜோடி வச்சிருக்கறவன் அத கட்டுவானா? கிங்-8-3-ல ஏஸ்-கிங் வச்சிருக்கறவன் ஃப்ளாப்லயே கட்டத் தயார், அவன காக்க வைக்கக் கூடாது. 9-9-4-ல கதை மாறுது, அங்க எதிராளிகிட்ட இன்னும் ஒண்ணும் இல்ல, அவருக்கு டர்ன்ல ஒரு கிங்கோ ஏஸோ ஜோடி ஆனாதான் உங்களுக்கு காசு கட்டவே ஆரம்பிப்பாரு, அவர் ப்ளஃப் பண்றதுக்கும் நேரம் குடுக்கணும். அதனால அந்த 9-7 மறுபடி வந்தா ஃப்ளாப்ல அவர் 2.5-க்கு வெறும் கால் மட்டும் பண்ணுங்க, ரெய்ஸ் வேண்டாம். டர்ன்ல அவர் மறுபடி போட்டா மறுபடி கால், செக் பண்ணா நீங்க பாட்டுல பாதி. ரிவர்ல அவர் செக் பண்ணா மூணுல ஒரு பங்கு போடுங்க, ஜாக்-ஜாக்கும் 10-10-உம் கால் பண்ற மாதிரி. அதுக்கு மேல அவர் ஆல்-இன் தள்ளினா, உங்க கைல மூணு 9 இருந்தாலும் கிக்கர் 7தான், கார்ட கீழ வச்சுடுங்க. ஏஸ்-9 உங்க கைல இருந்தா அப்ப நீங்க யோசிக்கலாம்.